உள்பக்க ஈரம்

பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் முதலில் பேசுவது இன்ஜினைப் பற்றித்தான். பிக்கப் இல்லை, புகை தள்ளுது, டீசல் குடிக்குது. கேட்டுக்கொண்டே நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன். நாமக்கல்லில் லாரி ஒன்றுதான், அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஆயிரம் விதம். பாடி கட்டுகிறவர், டிங்கர், பெயிண்டர், பட்டை வேலை பார்க்கிறவர், லைனர் அடிக்கிறவர் என்று ஆளுக்கொரு துண்டைப் பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்தது பின் ஆக்ஸில். கிரவுன், பினியன், ஹப், இவற்றைத் தாண்டி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.

படுத்துக்கொண்டு நான் தேடுவது ஈரம். பின்பக்கம் ஜோடி டயர் இருக்கிறதல்லவா, அதில் உள் டயரின் உள்பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். காய்ந்து, புழுதி படிந்து, சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக, மண் அப்பிக்கொண்டு இருந்தால் ஹப் சீல் போய்விட்டது. ஈரம் சக்கரத்தின் வெளிமுகத்தில், நடுவிலிருந்து கதிர்கதிராகச் சிதறியிருந்தால் அது சீல் இல்லை. ஆக்ஸில் ஃபிளாஞ்சின் பேக்கிங் போயிருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். அது அரை மணி நேர வேலை. உள்பக்க ஈரம்தான் பொல்லாதது.

விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பேன். கிரவுன் ஆயிலுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. பல்லும் பல்லும் அழுத்தி உரசும் இடத்தில் தாங்க வேண்டும் என்பதற்காக அதில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். அந்த நாற்றம்தான் அது. ஒரு முறை முகர்ந்தவருக்கு மறக்காது. சின்ன வண்டிகளில் பிரேக் ஆயிலாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும். பெரிய லாரிகளில் அந்தக் குழப்பமே இல்லை. பிரேக் காற்றில் இயங்குகிறது. சக்கரத்துப் பக்கம் பிரேக் ஆயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த எண்ணெய் எப்படி அங்கே வருகிறது? லாரியின் பின் ஆக்ஸிலில் பாரம் சுமப்பது ஒன்று, சக்கரத்தைச் சுற்றுவது இன்னொன்று. சுமப்பது ஹவுசிங் என்னும் இரும்புக் கூடு. அதன் இரு முனையிலும் குழாய்போல் நீண்ட பகுதியில் இரண்டு பேரிங்குகள், அவற்றின் மேல் ஹப், ஹப்பின் மேல் சக்கரம். அந்தக் குழாய்க்குள் ஓடும் ஆக்ஸில் ஷாஃப்டுக்குப் பாரமே கிடையாது, சுற்றுவது மட்டும்தான் அதன் வேலை. அதனால்தான் ஆக்ஸில் உடைந்த லாரி நடுரோட்டில் சாயாமல் தன் சக்கரத்திலேயே நிற்கிறது. போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவி எடுத்தாலும் அப்படியே நிற்கும். சிறிய சரக்கு வண்டிகள் சிலவற்றில் சக்கரமே ஷாஃப்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே இப்படி உருவ முடியாது.

கிரவுனில் இருக்கும் ஆயில் ஷாஃப்டை ஒட்டிக்கொண்டு ஹப் வரைக்கும் வரும். நிற்கிற குழாய்க்கும் சுற்றுகிற ஹப்புக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தே தீர வேண்டும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் சீல். அதற்கு அந்தப் பக்கம் பிரேக் டிரம்மும் லைனரும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான் பிரேக்குக்கும் எண்ணெய்க்கும் நடுவில் நிற்கிறது.

கையில் வாங்கிப் பார்த்தால் ஓர் இரும்பு வளையம், உள்ளே மெல்லிய ரப்பர் லிப், அந்த லிப்பின் முதுகில் வட்டமாகச் சுற்றிய கம்பி ஸ்பிரிங். ஸ்பிரிங் அழுத்த அழுத்த லிப் குழாயைக் கவ்விக்கொண்டு உரசும். ஒரு காலத்தில் இந்த லிப் தோலால் ஆனது. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், தோல் வியாபாரம் படுத்ததும் மோட்டார் வண்டிகளுக்குத் தோல் சீல் செய்து விற்க இறங்கியது. 1930களில் எண்ணெய்க்கு ஊறிப்போகாத செயற்கை ரப்பர் வந்தது. தோல் மெல்ல விடைபெற்றது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆள் யாராவது வண்டியோடு வந்தால் இதைச் சொல்வேன். நம்ப மாட்டார்கள்.

ரப்பருக்கு எதிரி சூடு. வருஷக்கணக்கில் பிரேக் சூட்டைத் தின்று தின்று லிப் விறைத்துப்போகும். நகத்தால் வளைத்தால் வளையாது, நுனி உடையும். பழைய வண்டியில் சீல் போவதற்கு வயசு ஒரு காரணம், சரி. ஆனால் புதுச் சீல் போட்டு ஒரு மாதத்தில் மறுபடியும் ஒழுகினால் அதை வயசின் மேல் போட முடியுமா?

போன வருஷம் அப்படித்தான் ஒரு வண்டி வந்தது. டாடா 1613. அந்த எண்ணிலேயே வண்டியின் ஜாதகம் இருக்கிறது: 16 டன், சுமார் 130 குதிரைத்திறன். குட்டை சேஸ், ஆறு சக்கரம், கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற வண்டி. ஓட்டி வந்த பையன் இறங்கியதும் இறங்காததுமாக,

"அண்ணா, மறுபடியும் ஒழுகுதுங்க. வேற பட்டறையில சீல் மாத்துனோம், நிக்கவே மாட்டேங்குது" என்றான்.

"எந்தப் பக்கம் கண்ணு?"

"மொதல்ல லெஃப்ட்டு. இப்ப ரெண்டு பக்கமும்ங்க."

இரண்டு பக்கமும் என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இரண்டு சீலும் ஒரே சமயத்தில் சொல்லிவைத்தாற்போல் கெடாது. ஹவுசிங்கின் தலையில் பிரீதர் என்று விரல்நுனி அளவுக்கு ஒரு சின்ன உருப்படி இருக்கும். ஓட ஓட உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும். விரிந்த காற்று வெளியேற அதுதான் வழி. கையை விட்டுத் தடவினேன். பிரீதர் இருக்கிறது, ஆனால் மூடி அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் கறுப்புப் பெயிண்ட் தடித்து உறைந்து துளையையே மூடியிருந்தது. பழைய லாரிக்கு எட்டு வருஷம் கடந்துவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி. எஃப்.சி.க்குப் போகும்போது சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் பளபளவென்று கறுப்பு அடித்துக்கொடுப்பார்கள். அடிக்கிறவர் கன்னுடன் படுத்தபடி ஒரே வீச்சில் எல்லாவற்றின் மேலும் அடித்துவிடுகிறார். அவருக்கு அது ஒரு குமிழ். துளை அடைத்த பிறகு ஹவுசிங் வெயிட் போட்ட குக்கர் மாதிரி. ஆவிக்கு வேறு வழி கிடைக்காவிட்டால் சீலின் லிப்பைத் தூக்கிக்கொண்டுதான் வரும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் அப்படித்தான்.

பையன் கேட்டான், "அப்ப அதைய சுத்தம் பண்ணுனா போதுங்களா?" போதாது. எண்ணெய் ஏற்கெனவே லைனரைத் தொட்டுவிட்டது. கொல்லிமலைச் சாலையில் காரவள்ளிக்கு இறங்கும் முன் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணெய் குடித்த லைனரோடு பாரம் ஏற்றி அதில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

வேலையைச் சொல்கிறேன். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட வேண்டும். பல பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டுக்கு எதிர் மரை. தெரியாமல் மல்லுக்கு நின்று ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கியதும் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவனை என் பட்டறையில் நான் வைத்துக்கொள்வதில்லை. ஸ்பிரிங் பிரேக் இருக்கிற வண்டியானால் சேம்பரின் ஸ்பிரிங்கை அதற்குரிய போல்ட்டால் இழுத்துக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் விடாது. பிறகு ஆக்ஸிலை உருவி, அடியில் ஒரு தட்டு வைத்து ஒழுகுவதைப் பிடித்து, லாக் நட்டைக் கழற்றி ஹப்பை வெளியே இழுப்பது. இரண்டு பேர் வேண்டும், இடுப்பு கனம் தெரியும்.

டிரம்முக்குள் கிடக்கும் தூசியை ஏர் கன்னால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு நல்லதல்ல. நனைத்துத் துடைத்து எடுங்கள். பேரிங்கை டீசலில் கழுவிய பிறகு காற்றடித்துச் சுழலவிட்டு விளையாடும் பையன்களையும் கண்டித்துவைக்க வேண்டும். உருளைகள் தெறித்தால் கண் போகும். உருளையில் நீலம் பாய்ந்திருந்தாலும் புள்ளி விழுந்திருந்தாலும் பேரிங்கை மாற்றிவிட வேண்டும். ஆடுகிற பேரிங் எந்தச் சீலையும் நிலைக்கவிடாது.

அடுத்தது, எல்லோரும் அவசரத்தில் தாண்டிப் போகிற இடம். சீல் உரசுகிற குழாய்ப் பகுதியைத் துடைத்துவிட்டு விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். இரும்பை ரப்பர் தேய்க்குமா என்று கேட்பார்கள். தேய்க்கும். நடுவில் மாட்டிய மண் துகளும் சேர்ந்து வருஷக்கணக்கில் ஒரு பள்ளத்தை அறுத்துவிடும். நகம் தட்டி நின்றால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் போய் உட்காரும், ஒழுகும். மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை அதன் மேல் ஏற்றிவிடலாம். ஸ்லீவ் கிடைக்காத ஊரில், ஹப்பில் இடம் இருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்காரவைத்து லிப் தேயாத இரும்பில் ஓடும்படி செய்வோம். 1613இல் பள்ளம் லேசாகத்தான் இருந்தது, அப்படியே செய்தேன்.

சீலில் ஸ்பிரிங் தெரிகிற முகம் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். லிப்பில் கொஞ்சம் ஆயில் தடவாமல் வறட்டு ரப்பராக ஏற்றினால் முதல் சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும். அடிக்கும்போது சுத்தியல் நேராகச் சீலின் மேல் படக் கூடாது. பழைய பேரிங்கின் ரேஸை மேலே வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்ட வேண்டும். இறங்க இறங்கச் சத்தம் மாறும். அடியில் போய் உட்கார்ந்ததும் கெட்டியாக ஓர் ஒலி வரும். அதற்கு மேல் ஒரு தட்டும் வேண்டாம்.

ஹப்பை ஏற்றி, சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் திரும்பக் கொஞ்சம் தளர்த்துவது. பேரிங்குக்கு விட வேண்டிய ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள்தான். டயல் கேஜ் இருந்தால் நிம்மதி. லைனரை இரண்டு பக்கமும் புதிதாக அடிக்கக் கொடுத்தேன். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் எண்ணெய் போய்விடும் என்று உடைமைக்காரர் போனில் வாதாடினார். மேலே காய்ந்ததுபோல் தெரியும், சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி கக்கும் என்றேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் நான் சம்மதிக்கவில்லை. பிரேக் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கினால் வளைவில் வால் திரும்பிவிடும்.

கிரவுன் ஆயிலை நிரப்பும்போது தாராளம் வேண்டாம். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் போதும். அதிகம் ஊற்றினால் அதுவும் சீலைத்தான் தேடி வரும். வண்டியைச் சாலையோரச் சரிவில் ஒருக்களித்து ராத்திரி முழுக்க நிறுத்தும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். ஆயில் பள்ளத்துப் பக்கம் சேர்ந்து நிற்கும். முதலில் லெஃப்ட் சீல் ஒழுகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரீதரை டீசலில் ஊறப்போட்டுப் பெயிண்டைச் சுரண்டி, வாயில் வைத்து ஊதிப் பார்த்து மாட்டினேன். பில்லில் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. பையனிடம், ராசிபுரம் வரை வெறும் வண்டியாகப் போய்த் திரும்பி வந்து ஹப்பைத் தொட்டுப் பார், கை வைக்க முடிகிற சூடு இருக்கலாம், சுட்டுக் கையை எடுத்தால் பாரம் ஏற்றாமல் நேரே இங்கே வா, வீல் நட்டையும் ஒரு சுற்று இறுக்கு என்றேன். "அடுத்த எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கறப்ப?" என்று கேட்டான். பழைய துணியைக் கிழித்து ஒரு துண்டு கொடுத்து, அதை பிரீதர் மேல் சுற்றிக் கட்டிவிட்டு அடிக்கச் சொல், அடித்து முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடு என்றேன்.