பொக்ஸ் ஹில் மேட்டிலே

ஏப்ரல் லீவு வந்தால் பதுளைப் பக்கத்து வீடுகளில் ஆண்பிள்ளைகளின் பேச்செல்லாம் தியத்தலாவை பொக்ஸ் ஹில் காரோட்டப் போட்டியாகவே இருந்த காலமுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. அது துரைமார் விளையாட்டு என்று பேர். பொக்ஸ் ஹில் அப்படியல்ல. இராணுவக் கல்வியகத்தின் மண் பாதையில் 1993இல் ஆரம்பமான இதைப் பார்க்க, சோற்றுப் பார்சலோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள்.

"அந்நாளில் ஓட்டுபவனின் கைதான் பெரிது, இப்போது காசும் எஞ்சினும்தான்" என்பது பழைய ரசிகர்களின் குறை. எந்த விளையாட்டைப் பற்றியும் வயதானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், போகட்டும்.

2019க்குப் பின் ஐந்து வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 21 அன்று போட்டி மீண்டும் நடந்தது. அனுமதி இலவசம், சனம் அலைமோதியது. பாதையோரம் ஒரு கார் புரண்டது. வேகத்தைக் குறைக்கும்படி அதிகாரிகள் மஞ்சள் விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு உயிர்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கு மேற்பட்டோர் காயம்.

ரசிகர்கள் இன்று இரண்டுபட்டு நிற்கிறார்கள். "இனி வேண்டாம்" என்கிறார்கள் சிலர். "விளையாட்டை நிறுத்தாதீர்கள், சனத்தைத் தள்ளி நிறுத்துங்கள்" என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டாவது பேச்சே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் சகோதரிகளே, நன்றாகத் தெரியட்டும் என்று பிள்ளையைத் தோளில் ஏற்றி விளிம்புக்கே போகும் வாப்பாமாரை நமக்குத் தெரியாதா? எங்கே நிற்கப்போகிறீர்கள், இடையில் தடுப்பு உண்டா என்று கேட்டுவிட்டே பிள்ளையின் கையை விடுங்கள்.