வெயிலும் ஈரமும் நார்ப் பலகையும்

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளிலிருந்து நெய்வேலிச் சுரங்கம் அதிகத் தொலைவில் இல்லை. அங்கே வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காட்டின் எச்சம். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்னும் பொருளுக்கு அந்நிலக்கரியின் உருவாக்கத்தில் பெரும் பங்குண்டு. வெயிலும் காற்றும் எட்டாத ஆழத்தில் அத்தனை காலம் தாக்குப்பிடித்த அதே இனத்துப் பொருள், சணல் நாரிலோ தென்னை நாரிலோ இருந்துகொண்டு நம் கூரைமேல் ஏறினால், சில மாதங்களிலேயே நிறம் மாறிவிடுகிறது. இதன் காரணத்தையே இன்று விளக்க முற்படுகிறேன்.

நாரைப் பிசினில் தோய்த்து அழுத்தி இறுக்கினால் வலுவான பலகை கிடைக்கும். கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, 1957 முதல் 1991 வரை உற்பத்தியான டிராபண்ட் காரின் மேற்கூட்டுத் தகடுகள், பருத்தி நாரும் ஃபீனால் பிசினும் சேர்ந்தவையே. நார் மலிவானது, கண்ணாடியிழையைவிட இலேசானது. ஆனால் அதற்குத் தணியாத நீர் வேட்கை உண்டு.

நாரிலுள்ள செல்லுலோஸ் நீரைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அறுத்த விளிம்பில் நுழையும் ஈரம், நாரின் நுண்குழாய்கள் வழியே உள்ளே ஊர்கிறது. நார் பருக்கிறது, பிசினோ அவ்வளவு பருப்பதில்லை. உலரும்போது நார் சுருங்கிப் பிசினை விட்டு விலகுகிறது. மழையும் கோடையும் மாறி மாறி வர, இந்த இடைவெளி வளர்ந்து, பூஞ்சைக்கும் இடங்கொடுக்கிறது. ஈரம் போனால் நேர்வதை நெய்வேலி நிலக்கரியிலும் பார்க்கலாம்: எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாயுள்ள கட்டி, வெயிலில் உலர்ந்ததும் வெடித்து உதிர்ந்துபோகிறது.

வெயில் மேற்பரப்பைத் தாக்குகிறது. புற ஊதாக் கதிர்களை விழுங்கும் லிக்னின் மஞ்சளாகி, பழுத்து, சிதைகிறது. சிதைந்த துணுக்குகளை மழை கழுவிச் செல்ல, வெளுத்த நார்கள் தலை நீட்டுகின்றன. பிசினிலும் நுண்வெடிப்புகள் தோன்றி ஈரத்துக்கு வழிவிடுகின்றன. தென்னை நாரில் லிக்னின் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு. சணலில் 12 பங்களவு. தென்னங்கயிறு உவர்நீரில் எளிதில் அழுகாததற்கும் இந்த லிக்னினே காரணம் என்பது வேடிக்கைதான்! நீரில் காப்பது வெயிலில் கைவிடுகிறது.

முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்தும் இத்தகைய பிசின் செய்யலாம். அது நீரை விலக்கும். எனினும் ஃபீனால் இனமாதலால் வெயிலில் கறுக்கும்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இவ்வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அத்தகைய காற்றை எதிர்கொள்ளவேண்டிய கூரைத் தகட்டை, வாங்கிய அன்றைய வலுவைக் கொண்டு மதிப்பிடலாகாது. நாரைக் காரநீரில் ஊறவைத்துக் கழுவினால் பிசின் நன்றாகப் பற்றும். கரித்தூள் கலந்த மேற்பூச்சு கதிர்களைத் தடுக்கும். தச்சர் ஆணிக்குத் துளையிட்டாலும் விளிம்பை அறுத்தாலும், அந்த இடங்களை அன்றே பிசின் பூசி அடைத்துவிட வேண்டும்.