500 பவுண்டு பந்தயம்

பூமி உருண்டை என்று காட்டினால் 500 பவுண்டு! 1870-இல் இங்கிலாந்தில், பூமி தட்டை என்று நம்பிய ஜான் ஹாம்ப்டன் விட்ட சவால் இது. ஏற்றவர், டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இடம், பழைய பெட்ஃபோர்டு கால்வாயின் ஆறு மைல் நேர்நீட்டம். ஒரு முனையில் தொலைநோக்கி. நடுவிலும் மறுமுனையிலும் குறிகள். மூன்றும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரம். பார்த்தால், நடுக்குறி மட்டும் மேலே தூக்கி நின்றது. தண்ணீர் வளைந்திருந்தால்தானே அப்படித் தெரியும்? நடுவர் பணத்தை வாலஸிடம் கொடுத்தார்.

ஹாம்ப்டன் விடுவாரா? வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் எழுதினார், வசைபாடினார், அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார். அதைவிட வேடிக்கை, பந்தயம் சட்டப்படி செல்லாது என்று வழக்காடி, தோற்ற பணத்தையும் மீட்டுக்கொண்டார்! வென்ற வாலஸுக்குக் கிடைத்தது வழக்குச் செலவுதான்.