குறை கூறும் நட்பு

நூலொன்று செய்தல் அரிது, செய்ததனை நண்பனிடம் கொடுத்து, "இதன் குறை யாது?" என வினவுதல் அதனினும் அரிது, வினவப்பட்டவன் உண்மை உரைத்தலோ மிக அரிது. நட்புக் குலையுமோ என்னும் அச்சமும், பொறாமையாற் கூறினான் எனக் கருதுவரோ என்னும் கூச்சமும் நாவைத் தடுக்கின்றன. ஆயினும் நம் முன்னோர் இக்கடமையை நெருங்கியோரிடமே ஒப்புவித்தனர்.

சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோராக நன்னூல் சுட்டுவோர் நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகிய நால்வரே. நூலை நன்கறிந்தோரே அதனைப் புகழத் தக்கார் என்பது இதனாற் பெறப்படும். எனினும், ஆராயாது புகழ்தல் புகழன்று. ஆகலின், அரங்கேற்றம் என்னும் சோதனையும் உடன் நின்றது.

தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டது எனப் பாயிரம் கூறும். அப்பாயிரம் செய்த பனம்பாரனாரும், அதங்கோட்டாசானும், தொல்காப்பியரும் அகத்தியரிடம் ஒருங்கு கற்றோர் என்பது மரபு. தொல்காப்பியர்மேற் சினங்கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேளற்க என அதங்கோட்டாசானைத் தடுத்தார் என்றும், ஆசிரியர் ஆணைக்கும் உடன் கற்றோன் வேண்டுகோளுக்கும் இடையே இடர்ப்பட்ட அவர் நூலைக் கேட்டுக் குற்றம் கூற, தொல்காப்பியர் அனைத்துக்கும் விடை பகர்ந்தார் என்றும் நச்சினார்க்கினியர் உரைப்பர். இது வரலாறோ கதையோ, கருத்துத் தெளிவானது: உடன் கற்றோன் எழுப்பிய தடைகளே நூலுக்கு அரணாயின.

மேனாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ரி. எஸ். எலியற் 'பாழ்நிலம்' எனப் பொருள்படும் தம் நெடுங்கவிதையின் கையெழுத்துப்படியை நண்பர் எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். பவுண்ட் அடியடியாகக் கோடிட்டு வெட்ட, கவிதை ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கி 1922இல் வெளிவந்தது. எலியற் அதனைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். அக்கையெழுத்துப்படி 1971இல் நூலாக வெளிவந்தபோது, எலியற்றின் மனைவியார் தமக்குப் பிடித்த அடிகளின் அருகே எழுதிய பாராட்டுக்களையும் உலகு கண்டது. குறையாயினும் நிறையாயினும், இன்ன அடியில் எனச் சுட்டுதலே படைத்தோனுக்குப் பயன்படும். "நன்று" என்னும் பொதுச்சொல்லும் "சரியில்லை" என்னும் பொதுச்சொல்லும் ஒருங்கே பயனற்றவை.

காலமும் கருதற்பாலது. நண்பர் ஒருவர் தம் கவிதைகளை அச்சிடுமுன் என்னிடம் தந்தார். "நன்று" என்று கூறித் திருப்பிக் கொடுத்தேன். நூல் வெளிவந்தபின் அதன் குறைகளைப் பிறரிடம் விரித்துரைத்தேன். அது செவிக்கெட்டியபோது அவர் சினந்தாரல்லர். "இதனை அன்றே எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

ஆகவே, குறையை அச்சேறுமுன், தனியிடத்தில், அடிசுட்டிக் கூறுக; நம் சுவையை அவன்மேற் சுமத்தாது, கொள்ளலும் தள்ளலும் அவனுக்கே விடுக. ஆசிரியராகிய நாம் மாணாக்கர் கவிதையைக் கையில் ஏந்தும்போதும் இதுவே நெறி. புகழ்ச்சிக்குப் பின்னரும் காலம் உண்டு, திருத்தத்துக்கு அஃதில்லை.