அசோ சாயங்களும் ஆரணிப் பட்டும்

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, பட்டு நெசவிற்குப் பெயர் பெற்ற ஊராகும். பட்டு நூலுக்கு நிறமூட்டும் அமிலச் சாயங்களுள் பல, அசோ சேர்மங்களாகும். அவற்றின் தயாரிப்பிற்கு அடிப்படையான டையசோனியம் சேர்மங்களை 1858இல் பீட்டர் கிரீஸ் கண்டறிந்தார்.

அனிலீன், 273–278 கெல்வின் வெப்பநிலையில் சோடியம் நைட்ரைட்டு மற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரிந்து பென்சீன்டையசோனியம் குளோரைடைத் தருகிறது. வெப்பநிலை உயர்ந்தால் இது நைட்ரஜனை வெளியேற்றி ஃபீனாலாக மாறும்; ஆகவே குளிர்ச்சி இன்றியமையாதது.

டையசோனியம் அயனி வலிமை குறைந்த எலக்ட்ரான் கவர் பொருளாதலால், எலக்ட்ரான் செறிவு மிகுந்த அரோமேட்டிக் வளையங்களையே தாக்குகிறது. காரக் கரைசலில் பீட்டா-நாப்தாலுடன் இணைந்து செம்மஞ்சள் நிறச் சாயத்தை உருவாக்குகிறது. இப்பதிலீட்டு வினையில் நைட்ரஜன் வெளியேறுவதில்லை. இரு நைட்ரஜன் அணுக்களும் வளையங்களை இணைக்கும் பாலமாக நிலைக்கின்றன. இவ்வாறு நீளும் ஒன்றுவிட்ட இரட்டைப்பிணைப்பு அமைப்பு கண்ணுறு ஒளியை உறிஞ்சுவதால் நிறம் தோன்றுகிறது.

இப்பாலம் உடலினுள் ஒடுக்கமடைந்து முறிந்தால் அரோமேட்டிக் அமீன்கள் உண்டாகும். அவற்றுள் பென்சிடீன் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை விளைவிக்கவல்லது. எனவே, இத்தகைய தீங்கு தரும் சாயங்களை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. சாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தின் பொலிவை மட்டுமன்றி, சாயத்தொட்டியில் நாள்தோறும் கை நனைப்பவரின் நலனையும் கருதுதல் வேண்டும்.