குழாயைக் குறை சொல்லும் முன் ரத்தத்தைச் சோதிப்போம்

மதுரையில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டத் தொடங்கினால் முதல் பழி தண்ணீர் மேல்தான் விழுகிறது. வைகை பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஊர் இது. நகரின் விரிவாக்கப் பகுதிகளிலும் திருமங்கலம், மேலூர் வட்டாரங்களிலும் பல வீடுகளில் குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர்தான். சோப்பு நுரைப்பதில்லை, வாளியில் வெள்ளைப் படிவு ஏறுகிறது, தலை குளித்தால் முடி சிக்குப் பிடிக்கிறது. இதையெல்லாம் கண்ணால் பார்ப்பவர்கள் தண்ணீரைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அந்தச் சந்தேகத்தோடு தேடல் நின்றுவிடுவதுதான் ஆபத்து. குழாயில் மாட்டும் வடிகட்டிக்கும் புதுப்புது எண்ணெய்க்கும் பணம் செலவாகிறது. ரத்தப் பரிசோதனை மட்டும் தள்ளிப்போகிறது. பெண்களின் முடி உதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் உடலுக்குள்தான் இருக்கிறது. அதிலும் நம் வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை.

உப்புத் தண்ணீர் செய்வதும் செய்யாததும்

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடின நீரில் இருப்பவை கால்சியம், மக்னீசிய உப்புகள். இவை முடியின் மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் நனைத்த முடியையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த முடியையும் ஒப்பிட்டார்கள். வலிமையிலும் இழுபடும் தன்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாகிஸ்தானில் செய்யப்பட்டு 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, மூன்று மாதம் கடின நீரில் நனைத்த முடியின் வலிமை குறைந்ததாகச் சொன்னது. இரண்டும் வெவ்வேறு முடிவு சொன்னாலும் இரண்டும் பார்த்தது தலைக்கு வெளியே இருக்கும் முடித்தண்டை மட்டுமே. தண்டு பலவீனமானால் முடி நடுவில் உடையும். வேரோடு கழன்று வருவது வேறு. சீப்பில் வரும் முடியின் ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத துண்டு உடைந்த முடி. குமிழோடு கற்றை கற்றையாக வந்தால் தண்ணீரை மாற்றிப் பயனில்லை.

மூன்று மாதக் கணக்கு

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு வேரும் சில ஆண்டுகள் முடியை வளர்த்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதை வளர்க்கிறது. அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. உடல் பெரிய அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் வேர்களில் பலவும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பிரசவம், டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, தாங்க முடியாத மனத்துயர் ஆகியவை இதைத் தூண்டும். விளைவு அன்றே தெரியாது; இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும், கண்ணெதிரே இருக்கும் தண்ணீர் மாட்டிக்கொள்ளும்.

“கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகுதான் கொட்டுகிறது, அப்படியென்றால் தண்ணீர்தானே?” என்று பலர் கேட்பதற்கும் இங்கேதான் பதில். வீடு மாறும்போது தண்ணீர் மட்டும் மாறுவதில்லை. சாப்பாட்டு நேரம், தூக்கம், வேலைச்சுமை, மன அழுத்தம் எல்லாமே மாறுகின்றன. பலருக்கு ஓராண்டுக்குள் பிரசவமும் வருகிறது. ஆகவே முடி கொட்டுகிறவர்கள் மூன்று, நான்கு மாதத்துக்கு முன் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்க வேண்டும். தூண்டிய காரணம் நீங்கிவிட்டால் இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். அதன் பிறகும் தொடர்ந்தால் காரணம் இன்னும் உடலில் இருக்கிறது என்று பொருள்.

பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை

அப்படித் தொடரும் காரணங்களில் முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. மருத்துவமனைகள் நிறைந்த மாநிலத்தில் இந்த எண் வெட்கப்பட வேண்டியது. மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்பு வெளியேறுகிறது. பெரும்பாடு எனும் மிகுதியான உதிரப்போக்கு இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். பிரசவமும் பாலூட்டலும் சேமிப்பைக் கரைக்கின்றன. ஈடுகட்ட வேண்டிய உணவோ பெரும்பாலும் சோறும் ரசமும்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை உண்ணும் வழக்கமும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கமும் நிலைமையை மோசமாக்குகின்றன. டீயிலுள்ள டானின், உடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கும். முடியின் வேர் உடலில் மிக வேகமாகப் பெருகும் செல்களைக் கொண்டது. பெருகுவதற்கு இரும்பு வேண்டும். பற்றாக்குறை வந்தால் உடல் இருப்பதை உயிர் காக்கும் உறுப்புகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முடி இல்லாமல் உடல் வாழ்ந்துவிடும்.

“பாதிப் பெண்களுக்கு ரத்தசோகை என்றால் பாதிப் பெண்களுக்கும் முடி கொட்ட வேண்டுமே?” என்பது நியாயமான கேள்வி. இரும்புக்கும் முடி உதிர்வுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரே காரணத்தால் முடி கொட்டுவது குறைவு. பரம்பரைப் போக்கு உள்ளவருக்கு இரும்புக் குறைவும் சேர, பிரசவமும் சேரும்போதுதான் பலருக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவு உதிர்கிறது. இவற்றில் எளிதில் கண்டறியவும் மலிவாகச் சரிசெய்யவும் கூடியது இரும்புக் குறைவுதான். முடிக்குப் பலன் குறைவாக இருந்தாலும் களைப்பும் மூச்சிரைப்பும் தீரும், அடுத்த பிரசவத்தின் ஆபத்து குறையும். இந்தச் சோதனையில் நஷ்டம் என்று ஒன்று கிடையாது.

மறக்கக் கூடாத மற்ற காரணங்கள்

தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் முடி கொட்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் மாதவிடாய் தவறுவதும் முகத்தில் ரோமம் வளர்வதும் தலையில் முடி மெலிவதும் சேர்ந்து வரலாம். நெற்றியோர முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் ஆண்டுக்காண்டு அகன்றால் அது பரம்பரை சார்ந்த பெண் வழுக்கை; அது தானாகத் திரும்பாது, ஆனால் மினாக்சிடில் மருந்தைத் தொடக்கத்திலேயே பூசினால் பலருக்குக் கட்டுப்படும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். வட்டமாக ஓரிடத்தில் கொட்டும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் வேர்களையே தாக்குவதால் வருவது. புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறுக இழுத்துப் பின்னி நெற்றியோரம் வழுக்கை விழுந்தால் குற்றம் இறுக்கத்தின் மேல்தான், தலையில் சூடும் மல்லிகையின் மேல் அல்ல.

என்ன செய்யலாம்?

இரண்டு மாதத்துக்கு மேல் உதிர்வு தொடர்ந்தால் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் வற்றியிருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சோதிக்காமல் இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் தவறு; மிகுதியான இரும்பு உடலுக்குக் கேடு. கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பெரிதாக உதவாது. தைராய்டு சோதனை முடிவையே தவறாகக் காட்டவும் கூடும். அதைச் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முருங்கைக்கீரையும் கம்பும் நல்லவை. ஆனால் கீரை, தானியங்களின் இரும்பு குறைவாகவே உடலில் சேரும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். அசைவம் உண்பவர்களுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) இருக்கிறது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது, ஆனால் ரத்தத்திலுள்ள குறையை அது நிரப்பாது. வீட்டில் சமைப்பவரும் மற்றவர்களோடு அமர்ந்து, அதே அளவு கீரையும் முட்டையும் மீனும் உண்ண வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பணம் வேண்டாம். வீட்டிலுள்ள ஆண்களின் மனம் மாறினால் போதும்.