அழித்த கோப்பு அழிந்துவிடுமா?

ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் சிறுதொழில் நடத்துவோர் பலர் கணக்கு, ஊதியப் பட்டியல், வங்கி அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே கணினியில் வைத்திருப்பதுண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. எனவே, பழைய கணினியை விற்க எண்ணுவோர் ஒன்றை அறிந்துகொள்வது நலம்.

கோப்பை நீக்கி, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் ஹார்டு டிஸ்கிலிருந்து தகவல் உடனே மறைந்துவிடுவதில்லை. பேரேட்டின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பை அடித்துவிட்டாலும் உள்ளே அந்தப் பக்கம் அப்படியே இருக்குமல்லவா? அதைப் போன்றதே இதுவும். மீட்பு மென்பொருளால் பிறர் அதனைப் படித்துவிட இயலும். பழைய கருவிகளை முறையாகத் துடைக்காமல் கைமாற விட்டமைக்காக, மார்கன் ஸ்டான்லி ஸ்மித் பார்னி நிறுவனம் 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்திற்கு 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

செய்ய வேண்டியவை:

1. முதலில் காப்பு நகல் எடுங்கள். கம்பெனிகள் சட்டப்படி நிறுவனங்கள் கணக்கேடுகளை 8 ஆண்டுகள் காத்தல் வேண்டும்.

2. பழைய மென்பொருளின் கோப்புறையை மட்டும் அழிக்காமல், செட்டிங்ஸ் வழியே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 2020 இறுதியுடன் ஆதரவு நின்றுபோன ஃபிளாஷ் பிளேயர் இருப்பின் நீக்கிவிடுங்கள். விண்டோஸ் கோப்புறையில் கை வைக்காதீர்கள்.

3. விற்குமுன் ‘ரீசெட்’ வசதியில் அனைத்தையும் நீக்கும் வழியோடு, தகவலைத் துடைக்கும் விருப்பத்தையும் தேர்ந்தெடுங்கள்.

4. இயங்காத டிஸ்கைக் கழற்றி உடைத்த பின்னரே, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

காசோலைப் புத்தகத்தைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடுவோர் இலர். கணினிக்கும் அதே கவனம் தேவை.